பெயிலில் வந்தவர் நாட்டைவிட்டு ஓடிவிட்டால்: பவுண்டி ஹண்டரிடம் எந்த வேலையைக் கொடுப்பது

அமெரிக்காவின் சான் டியாகோவில் பெயில் பாண்ட் (ஆள் கோர்ட்டுக்கு வராவிட்டால் பணம் கட்டுவதாகக் கொடுக்கும் ஜாமீன் பத்திரம்) வழக்குகளை நடத்தும் ஒரு வக்கீலிடம் வேலை பார்க்கிறேன். உறவுக்காரருக்கோ கூட வேலை செய்பவருக்கோ பாண்டில் கையெழுத்துப் போட்டவர்கள், ஆள் மெக்சிகோவுக்கு ஓடியதும் பதறிப்போய் வருவார்கள். "பவுண்டி ஹண்டரை அனுப்பித் தூக்கிட்டு வந்துடலாமா?" என்பார்கள். பெயிலில் வந்து ஓடிப்போனவர்களைக் கூலிக்குத் தேடிப் பிடிப்பவர்தான் பவுண்டி ஹண்டர். தூக்கிவர மட்டும் யாரையும் அனுப்பாதீர்கள்.

பெயில் கொடுத்தவர் ஓடியவரை வேறு மாநிலத்துக்கும் பின்தொடர்ந்து பிடிக்கலாம் என்று 1872-ல் டெய்லர் எதிர் டெய்ன்டர் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொன்னதை வைத்துத்தான் பவுண்டி ஹண்டர்கள் மாநிலம் விட்டு மாநிலம் போய்ப் பிடிக்கிறார்கள். வெளிநாட்டில் அது செல்லாது. 2003-ல் டுவேன் சாப்மன் என்ற பவுண்டி ஹண்டர், 124 ஆண்டு தண்டனை பெற்றுத் தலைமறைவாக இருந்த ஆண்ட்ரூ லஸ்டரை மெக்சிகோவின் புவேர்ட்டோ வயார்ட்டாவில் பிடித்தார். மெக்சிகோ போலீஸ் சாப்மனையும் கைது செய்தது. அந்த வழக்குக்காக 2006-ல் ஹவாயில் மறுபடியும் கைதானார். கனடா இன்னும் கடுமை. 1981-ல் டொராண்டோவிலிருந்து சிட்னி ஜாஃபி என்பவரை ஃபுளோரிடாவுக்குக் கடத்திய இருவரையும் அமெரிக்காவிடம் கேட்டு வாங்கித் தண்டித்தது.

சரி, கலிபோர்னியாவில் என்ன செய்யலாம்? முதலில் பாண்ட் பறிமுதல் நோட்டீஸின் தேதியைப் பாருங்கள். பறிமுதலை ரத்து செய்ய வைக்க அதிலிருந்து 180 நாள் அவகாசம்; தபாலில் அனுப்பப்பட்டிருந்தால் 5 நாள் கூடும். அது முடியுமுன் தக்க காரணம் காட்டி மனுப் போட்டால் இன்னும் 180 நாள் வரை நீதிமன்றம் நீட்டிக்கலாம்.

அப்புறம் ஏஜென்டிடம், அதாவது பெயில் கம்பெனி அனுப்பும் பவுண்டி ஹண்டரிடம், உங்களுக்குத் தெரிந்த எல்லாவற்றையும் கொடுங்கள்: பழைய போட்டோ, தழும்பு, பச்சை குத்திய அடையாளம், அங்கே இருக்கும் சொந்தக்காரர்களின் ஊர். ஒரே பெயரில் எத்தனையோ பேர் இருப்பார்கள். ஓடியவரின் பெயரைச் சுமக்கும் அப்பாவி ஒருவரை நடுத்தெருவில் மடக்குவது எவ்வளவு பெரிய கொடுமை!

நமக்கு உதவுவது குற்றவியல் சட்டத்தின் 1305-வது பிரிவு, ஜி உட்பிரிவு. ஆள் இருக்கும் இடத்தை ஏஜென்ட் கண்டுபிடிக்க வேண்டும். அந்த ஊர்ப் போலீஸ் அதிகாரி கூடவே இருக்கும்போது கொஞ்ச நேரம் நிறுத்திவைக்க வேண்டும். 'தேடப்படுபவர் இவர்தான்' என்று அந்த அதிகாரி பிரமாணப் பத்திரத்தில் கையெழுத்திட வேண்டும். பிறகு இடத்தை அரசு வக்கீலுக்குத் தெரிவிக்க வேண்டும். ஆளை ஒப்படைக்கும்படி அந்த நாட்டைக் கேட்கப் போவதில்லை என்று அந்த அரசு வக்கீல் முடிவெடுத்தால், நீதிமன்றம் பறிமுதலை ரத்து செய்தாக வேண்டும். ஆள் திரும்பி வராமலேயே பாண்ட் தப்பிக்கும். கேட்கிறேன் என்றால், அதற்கு ஆகும் காலத்துக்குக் கெடுவை நிறுத்திவைக்க அவருடைய சம்மதத்தோடு மனுப் போடலாம்.

ஏஜென்டோடு பேசியதை எழுத்தில் வாங்குங்கள்: ஆளைக் காரில் ஏற்றக் கூடாது, போலீஸுக்குக் கைக்கூலி கொடுக்கக் கூடாது, செலவு யார் தலையில் என்று தெளிவாக இருக்க வேண்டும். அதிகாரியின் பத்திரம் ஸ்பானிஷில் வந்தால் சான்றளித்த ஆங்கில மொழிபெயர்ப்பையும் சேர்த்து, கெடு முடிவதற்குள் உங்கள் வக்கீல் வழியாகத் தாக்கல் செய்யுங்கள்.