‘1984’ நாவலைப் பல துறைகளோடு இணைக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஜார்ஜ் ஆர்வெல்லின் ‘1984’ நாவலில் ஒரு சின்ன இடம். வின்ஸ்டன் உண்மை அமைச்சகத்தில் வேலை பார்க்கிறான். பழைய செய்தித்தாள்களைத் திருத்தி எழுதுவதுதான் அவனுடைய வேலை. அந்தக் காலாண்டில் 14.5 கோடி ஜோடி பூட்ஸ் தயாராகும் என்று அரசு முன்பே அறிவித்திருந்தது. தயாரானதாகக் காட்டப்பட்ட கணக்கு 6.2 கோடி. வின்ஸ்டன் உற்பத்திக் கணக்கைத் தொடுவதில்லை. பழைய முன்கணிப்பை எடுத்து 5.7 கோடி என்று மாற்றிவிடுகிறான். இலக்கைத் தாண்டிய சாதனை தயார்.

சதவீதம் போட்டுப் பாருங்கள். முதல் கணிப்பை வைத்தால் எட்டிய அளவு 43 சதவீதத்துக்கும் சற்றுக் குறைவு. மாற்றிய கணிப்பை வைத்தால் கிட்டத்தட்ட 109. வகுக்கும் எண்ணை மட்டும்தான் அவன் மாற்றினான். புள்ளியியல் வகுப்பில் ஒரு மணி நேரம் பேசுவதற்கு இந்த ஒரு பத்தி போதும். அதோடு முடியவும் இல்லை. ஒரு ஜோடி பூட்ஸ்கூடத் தயாராகாமல் இருந்திருக்கலாம், நாட்டில் பாதிப் பேர் வெறுங்காலோடு நடக்கிறார்கள் என்று வின்ஸ்டனே நினைக்கிறான். அளக்காத ஒன்றுக்கு எண் கொடுத்தால் என்ன ஆகும் என்பது அடுத்த கேள்வி.

ஒரு நாவலைப் பிற துறைகளோடு இணைப்பது என்று நான் சொல்வது இதைத்தான். ஆனால் மாணவர்கள் கொண்டுவரும் ப்ராஜெக்ட்களில் பெரும்பாலும் வேறொன்று இருக்கிறது. நடுவில் ஒரு வட்டத்தில் நாவலின் பெயர். சுற்றிலும் உளவியல், வரலாறு, பொருளாதாரம், மொழியியல், தொழில்நுட்பம் என்று அம்புக்குறிகள். ஒவ்வொன்றுக்கும் கீழே இரண்டு வரி. ‘இந்நாவலில் உளவியல் கூறுகள் காணப்படுகின்றன’ என்கிற மாதிரி. காணப்படத்தான் செய்யும். எந்த நாவலில் காணப்படாது? துறைகளின் பட்டியலில் தொடங்குவதுதான் முதல் தவறு. காட்சியில் தொடங்குங்கள். அந்தக் காட்சி எந்தத் துறையைக் கூப்பிடுகிறதோ அதை மட்டும் உள்ளே விடுங்கள். ஐந்து துறைகளைத் தொட்டுவிட்டுப் போவதைவிட, இரண்டு துறைகளில் ஆழமாக இறங்குவது எவ்வளவோ மேல்.

அடுத்தது காலக் குழப்பம். இதை நான் அடிக்கடி பார்க்கிறேன். ‘ஆஷ், மில்கிராம் சோதனைகளை ஆர்வெல் நாவலாக்கியிருக்கிறார்’ என்று எழுதுகிறார்கள். நாவல் வெளிவந்தது 1949 ஜூன் 8 அன்று. 1950 ஜனவரி 21 அன்று காசநோயால் ஆர்வெல் இறந்துவிட்டார். கூட்டத்தின் அழுத்தத்தை ஆராய்ந்த உளவியலாளர் சாலமன் ஆஷ் தன் சோதனை முடிவுகளை வெளியிட்டது 1951-இல். அதிகாரத்துக்குக் கீழ்ப்படிவதை ஆராய்ந்த உளவியலாளர் மில்கிராம் தன் சோதனைகளைத் தொடங்கியது 1961-இல். ஆர்வெல் அவற்றை எப்படிப் படித்திருக்க முடியும்?

காலம் பொருந்தவில்லை என்பதற்காக அந்த இணைப்பையே கைவிட வேண்டியதில்லை. ‘தாக்கம்’ என்ற சொல்லை எடுத்துவிட்டு ‘சோதித்துப் பார்ப்பது’ என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆஷின் சோதனையில் காட்டிய கோட்டின் நீளத்துக்குச் சமமான கோட்டைச் சொல்ல வேண்டும்; சுற்றியிருப்பவர்கள் எல்லாரும், முன்பே சொல்லிவைத்தபடி, கண்ணுக்குத் தெரிந்தே தவறான கோட்டைச் சரி என்பார்கள். கூட்டம் தவறு செய்த சுற்றுகளில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு பதில்கள் கூட்டத்தோடு ஒத்துப்போயின. ஆனால் கால்வாசிப் பேர் ஒருமுறைகூட வளைந்துகொடுக்கவில்லை. கூட்டத்தில் ஒரே ஒருவர் உண்மையைச் சொன்னாலும் போதும், வளைந்துகொடுப்பது வெகுவாகக் குறைந்துவிட்டது. இதை மனதில் வைத்துக்கொண்டு நாவலுக்குத் திரும்புங்கள். நாவலில் நாட்டை ஆளும் கட்சி ஏன் வின்ஸ்டனையும் அவன் காதலி ஜூலியாவையும் பிரிப்பதோடு நிற்காமல், ஒருவரையொருவர் காட்டிக்கொடுக்க வைக்கிறது? அந்த ‘ஒரே ஒருவர்’ மனதில்கூட மிஞ்சக்கூடாது என்பதற்காக. நாவலும் சோதனையும் பிரியும் இடத்தையும் எழுத வேண்டும். ஆஷின் அறையில் யாரும் யாரையும் அடிக்கவில்லை. வின்ஸ்டனை விசாரிக்கும் கட்சி அதிகாரி ஓ’பிரையன் நான்கு விரலைக் காட்டி ஐந்து என்று சொல்லச் சொல்வது வலியைக் கொடுத்துக்கொண்டே. இரண்டையும் ஒரே சொல்லால் அழைத்தால் உளவியலுக்கும் நியாயம் செய்யவில்லை, நாவலுக்கும் நியாயம் செய்யவில்லை.

வரலாற்றில் இதற்கு நேர்மாறான தவறு நடக்கிறது. ஆர்வெல்லுக்கு முன்னால் இருந்த வரலாறு மறந்துபோகிறது. இரண்டும் இரண்டும் ஐந்து என்பது அவருடைய கற்பனை மட்டுமல்ல; ஐந்தாண்டுத் திட்டத்தை நான்கே ஆண்டுகளில் முடிப்போம் என்பதற்காகச் சோவியத் பிரச்சாரத்தில் 2+2=5 என்ற முழக்கம் இருந்தது. பேச்சாளர் பேசிக்கொண்டிருக்கும்போதே எதிரி நாடு மாறிவிடும் காட்சியைப் படிக்கும்போது, 1939 ஆகஸ்டில் ஹிட்லரும் ஸ்டாலினும் ஒப்பந்தம் போட்டதும், 1941 ஜூனில் அது உடைந்ததும், இரண்டு முறையும் கம்யூனிஸ்ட் கட்சிகள் திடீரென்று நிலைப்பாட்டை மாற்ற நேர்ந்ததும் நினைவுக்கு வர வேண்டும். சாக்லேட் ரேஷன் 30 கிராமிலிருந்து 20 ஆகிறது. மறுநாளே 20 கிராமாக ‘உயர்த்தியதற்கு’ நன்றி சொல்லி ஊர்வலம் போகிறார்கள். இது மாஸ்கோ மட்டுமல்ல, லண்டனும்தான். பிரிட்டனில் போர்க்காலத்தில்கூட ரொட்டிக்கு ரேஷன் கிடையாது. போர் முடிந்த பிறகு, 1946 முதல் 1948 வரை இருந்தது. அந்த ஆண்டுகளில்தான் ஆர்வெல் இந்த நாவலை எழுதினார்.

அரசியல் அறிவியல் எடுப்பவர்கள் ஒன்றை மட்டும் கவனியுங்கள். இது சோஷலிசத்தைத் தாக்கும் நாவல் என்று ஒரே வரியில் முடிக்காதீர்கள். நூல் வந்த அதே மாதம், சோஷலிசத்தையோ பிரிட்டனின் தொழிற்கட்சியையோ தாக்குவது தன் நோக்கமல்ல என்று ஆர்வெல்லே எழுதியிருக்கிறார்.

பொருளாதாரத்தில் நுணுக்கமான ஒரு பொறி இருக்கிறது. நாவலுக்குள், கட்சியின் முதல் எதிரியாகக் காட்டப்படும் கோல்ட்ஸ்டீன் எழுதியதாக ஒரு புத்தகம் வருகிறது. உபரி உற்பத்தி மக்களைச் சென்றடைந்தால் அவர்கள் யோசிக்கத் தொடங்குவார்கள், அதனால் அந்த உபரியை அழிப்பதற்காகவே போர் நடக்கிறது என்று அது சொல்கிறது. அருமையான வாதம். மாணவர்கள் அதை எடுத்து ‘ஆர்வெல்லின் பொருளாதாரக் கோட்பாடு’ என்று தலைப்புப் போட்டுவிடுகிறார்கள். கொஞ்சம் பொறுங்கள். அந்தப் புத்தகத்தை எழுதியதில் தனக்கும் பங்கு உண்டு என்று பின்னால் ஓ’பிரையனே சொல்கிறான். அப்படியென்றால் நாம் படித்தது கலகக்காரனின் ஆய்வா, போலீஸ்காரன் வைத்த தூண்டிலா? பாத்திரத்தின் குரலை ஆசிரியரின் குரலாக எடுத்துக்கொண்டால் இந்தக் கேள்வியே எழாமல் போய்விடும்.

தொழில்நுட்பம் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். ‘அன்றே சொன்னார் ஆர்வெல்’ என்று எழுதாதீர்கள். நாவலில் வீட்டுக்குள்ளேயே இருந்து ஆளைக் கண்காணிக்கும் திரையான டெலிஸ்கிரீனைக் கைப்பேசியோடு ஒப்பிடலாம். ஆனால் வின்ஸ்டனால் அதை அணைக்க முடியாது, அதை அவன் கடையில் வாங்கவும் இல்லை, அதன் பின்னால் இருப்பது விளம்பர நிறுவனம் அல்ல. எங்கே ஒத்துப்போகவில்லை என்பதில்தான் உங்கள் கட்டுரை இருக்கிறது. எப்போது பார்க்கிறார்கள் என்று தெரியாததாலேயே எப்போதும் பார்ப்பதாக நினைத்து நடக்கும் அச்சத்தை ஆராய வேண்டுமென்றால், ஆங்கிலத் தத்துவவாதி ஜெரமி பெந்தம் 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் வரைந்த சிறைத் திட்டத்திலிருந்து தொடங்குங்கள்.

மொழியியலைக் கடைசிக்கு வைத்திருந்தேன். எனக்கு அதிகம் பிடித்த பகுதி இது. அதிகம் தவறு நடப்பதும் இங்கேதான். கட்சி உருவாக்கும் நியூஸ்பீக் மொழியில் ஆண்டுதோறும் சொற்கள் குறைந்துகொண்டே வரும். சொல் இல்லாவிட்டால் அந்த எண்ணமும் இருக்காது என்பது கட்சியின் நம்பிக்கை. இதை மொழியியலின் முடிவாகவே பலர் எழுதிவிடுகிறார்கள். மொழி சிந்தனையை முழுக்கத் தீர்மானிக்கிறது என்ற கருத்தை இன்று மொழியியலாளர்கள் பெரும்பாலும் ஏற்பதில்லை. நம் மொழியிலேயே சான்று இருக்கிறது. தமிழில் ‘நாம்’ வேறு, ‘நாங்கள்’ வேறு. கேட்பவரைச் சேர்த்தா, விட்டா என்று சொல்லே காட்டிவிடும். ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே சொல்தான். அதனால் ஆங்கிலேயருக்கு அந்த வேறுபாடு புரியாதா என்ன? விருந்துக்குத் தன்னையும் சேர்த்துத்தான் சொல்கிறார்களா என்று அவருக்கும் நன்றாகவே தெரியும்.

மொழிக்கு ஒரு பங்கும் இல்லை என்று மறுபக்கம் சாய்வதும் தவறு. ரஷ்ய மொழியில் வெளிர்நீலத்துக்கும் அடர்நீலத்துக்கும் தனித்தனிச் சொற்கள் உண்டு. அந்த எல்லைக்கு இரு பக்கமும் உள்ள நிறங்களை ரஷ்யர்கள் சற்று வேகமாகப் பிரித்தறிந்தார்கள் என்று 2007-இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. நொடியில் ஒரு சிறு பகுதி அளவு வேறுபாடுதான். மொழி சிந்தனையைக் கொஞ்சம் தள்ளிவிடுகிறது, பூட்டிவைப்பதில்லை.

ஆர்வெல்லுக்கு இந்த ஆர்வம் எங்கிருந்து வந்தது என்பதையும் தேடிப் பாருங்கள். சார்லஸ் ஆக்டன் 1930-இல் 850 சொற்களைக் கொண்டு பேசிக் ஆங்கிலம் என்ற ஒன்றை முன்வைத்தார். பிபிசியின் கிழக்குச் சேவையில் 1941 முதல் 1943 வரை வேலை பார்த்த ஆர்வெல்லுக்குத் தொடக்கத்தில் அதன்மேல் ஈடுபாடு இருந்தது. சொற்களைக் குறைத்தால் மொழி தெளிவாகும் என்ற நல்லெண்ணம், நாவலில் சொற்களைக் குறைத்தால் மனிதன் அடங்குவான் என்று தலைகீழாகிறது. ‘விடுதலை’ என்ற பொருளுக்கான சொல் நியூஸ்பீக்கில் இருக்கும். ஆனால் நாய்க்குப் பேன் தொல்லையிலிருந்து விடுதலை என்கிற அளவுக்குத்தான் அதைப் பயன்படுத்த முடியும்.

இந்த உதாரணம் வருவது நாவலின் பின்னிணைப்பில். பாதிப் பேர் அதைப் படிப்பதே இல்லை. வின்ஸ்டன் தோற்றதும் புத்தகத்தை மூடிவைத்துவிடுகிறார்கள். அமெரிக்காவில் ஒரு புத்தக மன்றம் அந்தப் பின்னிணைப்பையும் கோல்ட்ஸ்டீன் பகுதியையும் நீக்கச் சொன்னது. விற்பனை பாதிக்கப்படும் என்று தெரிந்தும் ஆர்வெல் மறுத்துவிட்டார். நியூஸ்பீக், நாவல் நடக்கும் நாடான ஓசியானியாவின் ஆட்சிமொழியாக ‘இருந்தது’ என்று அந்தப் பின்னிணைப்பு தொடங்குகிறது. முழுக்க இறந்தகாலம், நியூஸ்பீக்கில் அல்ல, சாதாரண ஆங்கிலத்தில். யார் எழுதியது, எந்த ஆண்டில், கட்சி என்ன ஆனது? வரலாற்று மாணவரும் மொழியியல் மாணவரும் ஒரே மேசையில் உட்கார்ந்து அந்தச் சில பக்கங்களைச் சேர்ந்து படிக்கலாம்.