பழைய இதழ்ப் படங்களில் அலைக்கோடு: நான் சரிசெய்த விதம்

1930களின் நாடக விளம்பரப் படங்கள் ஆய்வுக்குத் தேவைப்பட்டன. எந்த இதழில் தேடலாம் என்பது ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தின் பட்டியலில் தெரிந்தது. அதில் ஓர் இதழ் நண்பர் வீட்டிலேயே இருந்தது. ஸ்கேன் செய்தால், நடிகையின் முகமெங்கும் அலையலையாகக் கோடுகள்!

அந்தக் காலத்து அச்சுப் படம் முழுக்கப் புள்ளிகள்தான். அந்தப் புள்ளி வரிசையும் ஸ்கேனரின் கட்டமும் மோதுவதால் வரும் கோடு இது. ஸ்கேன் நுணுக்கத்தை 300 டிபிஐயிலிருந்து (ஓர் அங்குலத்துக்கு இத்தனை புள்ளி என்ற கணக்கு) 600 ஆக்கி, ஸ்கேனர் மென்பொருளில் அச்சுப் புள்ளிகளை மழுக்கும் ‘டீஸ்கிரீன்’ வசதியைப் போட்டேன். அப்புறம் கிம்ப் என்ற படத்திருத்த மென்பொருளில் லேசாக மங்கலாக்கி, அளவைப் பாதியாகக் குறைத்தேன். கண்ணிமைகூடத் தெளிவாகத் தெரிந்தது, அவ்வளவு சந்தோஷம்!

பின்பக்க எழுத்து தெரிந்த தாள்களுக்கு அடியில் கறுப்புத் தாள் வைத்தால் போதும். திருத்தாத மூலப் படத்தை தரம் குறையாத டிஃப் (TIFF) கோப்பாகத் தனியே வைத்திருங்கள். கோப்பின் பெயரிலேயே இதழ், ஆண்டு, பக்க எண் இருக்கட்டும்.