புலம்பெயர்ந்த இசை நடத்துநரின் (வாத்தியக் குழுவை மேடையில் வழிநடத்துபவரின்) தொழில்வாழ்க்கையை எழுதுவது எப்படி?

முதலில் பிறப்பிடத்தைச் சரிபாருங்கள். புலம்பெயர்ந்தவர் தம் வாயால் சொன்னதே அரசு ஆவணத்திலும் ஏறியிருக்கும் என்பதால், ஒரே தாளை நம்பி எழுதுவது ஆபத்து. அமெரிக்காவில் புகழ்பெற்ற நடத்துநரும் இசையமைப்பாளருமான விக்டர் ஹெர்பர்ட், அயர்லாந்தின் 1859இல் டப்ளினில் பிறந்தவர் என்றே நெடுங்காலம் அச்சிடப்பட்டு வந்தது. 1902இல் அவர் கொடுத்த குடியுரிமை மனுவும் அயர்லாந்து என்றே சொல்கிறது. ஆனால் அவர் பிறந்தது ஆங்கிலக் கால்வாயில் உள்ள கெர்ன்சி தீவில் என்பது பின்னர் தெரியவந்தது. தாய் சொன்னதை அவர் நம்பியிருந்தார், அவ்வளவுதான். பொய்யர் என்று எழுதிவிடாதீர்கள்.

யாருடைய வேலைக்காகக் குடும்பம் கப்பலேறியது என்பதையும் கேளுங்கள். 1886இல் நியூயார்க் மெட்ரோபாலிட்டன் ஓபராவுக்கு முதன்மையாகத் தேவைப்பட்டவர் ஹெர்பர்ட்டின் மனைவியான பாடகி தெரேசே ஃபார்ஸ்டர்தான். கணவருக்கு அங்கேயே வாத்தியக் குழுவில் செல்லோ (வயலின் வகையைச் சேர்ந்த பெரிய தந்தி வாத்தியம்) வாசிக்கும் இடம் கிடைத்தது.

அடுத்த வேலைதான் முக்கியமானது, நிதானமாகச் செய்ய வேண்டியதும் அதுவே. ஒரு தாளை நெடுக்காக இரண்டாக மடித்து, இடப்பக்கம் அவர் நடத்திய குழுக்களையும் வலப்பக்கம் அவர் இயற்றியவற்றையும் ஆண்டுவாரியாக எதிரெதிரே எழுதுங்கள். ஹெர்பர்ட்டுக்கு இடப்பக்கத்தில் 1893இல் 22ஆம் ரெஜிமென்ட் பேண்ட் என்ற படைப்பிரிவு வாத்தியக் குழுவும், 1898 முதல் 1904 வரை பிட்ஸ்பர்க் சிம்பொனி இசைக்குழுவும் வரும். வலப்பக்கத்தில் 1894இன் இரண்டாம் செல்லோ கான்செர்ட்டோவுக்கு (தனி வாத்தியமும் இசைக்குழுவும் சேர்ந்து வாசிக்கும் படைப்பு) பக்கத்தில், அதைக் கேட்டிருந்த செக் இசையமைப்பாளர் த்வோர்ஷாக் பிறகு தாமும் ஒரு செல்லோ கான்செர்ட்டோ எழுதினார் என்று குறித்துக்கொள்ளலாம். 1900க்குப் பின் 1903 வரை புதிய ஓபரெட்டா (இலகுவான இசை நாடகம்) ஏதும் மேடையேறாமல் வலப்பக்கம் வெறுமையாகக் கிடப்பதைப் பார்த்ததும், கற்பனை வற்றிவிட்டது என்று முடிவுகட்டத் தோன்றும். கண்ணை இடப்பக்கம் திருப்பினால் பிட்ஸ்பர்க் பொறுப்பு அந்த ஆண்டுகளை நிறைத்திருப்பது தெரியும்.

மூலங்களுக்கு நியூயார்க் பில்ஹார்மோனிக் இசைக்குழுவின் இணைய ஆவணக் காப்பகத்தில் பழைய நிகழ்ச்சித் தாள்களையும், அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தில் ஹெர்பர்ட்டின் கையெழுத்துப் படிகளையும் தேடுங்கள். நிகழ்ச்சித் தாளில் பெயர் எந்த இடத்தில் அச்சாகியிருக்கிறது என்பதைக் கவனியுங்கள். நடத்துநர், தனிவாத்தியக் கலைஞர், இசையமைப்பாளர் என மூன்று இடத்திலும் ஒரே பெயர் வரக்கூடும்.

வருமானத்தை விட்டுவிடாதீர்கள். இசையமைப்பாளர்களின் உரிமைத்தொகையை வசூலிக்கும் ஆஸ்காப் சங்கத்தை 1914இல் தொடங்கியவர்களுள் ஹெர்பர்ட்டும் ஒருவர். உணவகத்தில் தம் பாட்டை இசைத்ததற்கு எதிராக அவர் தொடுத்த வழக்கில், தனிக் கட்டணம் வாங்காவிட்டாலும் அது லாபநோக்குள்ள நிகழ்த்தல்தான் என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1917இல் தீர்ப்பளித்தது. அந்த ஆண்டையும் தாளில் ஏற்றுங்கள். எந்தப் பக்கத்தில் என்று தயங்கினால், மடிப்பின் மேலேயே எழுதலாம்.