உடைந்த ஊசிக்கு நன்றி சொல்ல

டோக்கியோவில் தையல் வேலை செய்கிறேன். ஊசி உடைந்தால் குப்பையில் போடமாட்டேன். நீங்களும் ஒரு சின்ன டப்பாவில் சேர்த்து வையுங்கள். பிப்ரவரி 8 அன்று 'ஹரி குயோ', உடைந்த ஊசிகளுக்கு நன்றி சொல்லும் சடங்கு. அன்று தைக்க வேண்டாம். டோக்கியோவின் அசகுசா பகுதியில், சென்சோஜி என்ற பௌத்தக் கோயில் வளாகத்திலுள்ள அவஷிமா சன்னதிக்குப் போங்கள். அங்கே சோயா பன்னீரான தோஃபுவைப் பெரிய கட்டியாக வைத்திருப்பார்கள். அவசரப்படாமல் ஒவ்வொரு ஊசியாக அதில் குத்துங்கள். முரட்டுத் துணியோடு மல்லுக்கட்டிய ஊசிக்குக் கடைசியில் மெத்தென்ற இடம். எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். எதைத் தைக்கும்போது உடைந்தது என்று நினைத்துப் பாருங்கள், அப்புறம் கைகூப்புங்கள்.

பொருளிலும் உயிர்ப்பு உண்டு என்கிறது ஜப்பானின் மரபு மதமான ஷிண்டோ. எதுவும் நிலைக்காது என்கிறது பௌத்தம். இரண்டும் இங்கே சேர்கின்றன.

கியோட்டோ, ஒசாகா உள்ள கன்சாய் பக்கம் பல இடங்களில் இந்தச் சடங்கு டிசம்பர் 8 அன்று. சரி, போக முடியவில்லையா? வீட்டிலேயே தோஃபுவில் குத்தலாம், அதைச் சமைத்துவிடாதீர்கள்.