சபையில் ஒரு இறையியல் நூல் நிலையம் அமைக்க: கேள்வி நோட்டிலிருந்து தொடங்குங்கள்

ஞாயிறு பள்ளியில் ஒரு பெண்பிள்ளை கேட்டாள்: "டீச்சர், பரமண்டல ஜெபத்தில் 'ராஜ்யமும், வல்லமையும், மகிமையும்' என்று முடிக்கிறோம். என் தோழியோட பைபிளில் அந்த வரி கீழே சின்ன எழுத்தில் இருக்கு. யார் எடுத்துட்டாங்க?"

எனக்குப் பதில் தெரியவில்லை. போதகர் இரண்டு சபைகளைப் பார்த்துக்கொள்பவர். அவருடைய புத்தகங்கள் அவர் வீட்டில் இருந்தன. பதில் என் கைக்கு வர மூன்று வாரம் ஆனது. யாரும் எடுக்கவில்லை. நான்காம் நூற்றாண்டைச் சேர்ந்த சினாய், வத்திக்கான் கையெழுத்துப் படிகளில் மத்தேயு 6:13இல் அந்த வரி இல்லை. பிற்காலப் படிகள் மிகப் பலவற்றில் இருக்கிறது. நம் பழைய தமிழ் மொழிபெயர்ப்பு அந்தப் பிற்காலப் படிகளின் வழியில் வந்தது. ஆதித் திருச்சபையின் 'டிடாக்கே' என்ற போதனை நூலிலேயே இந்த ஜெபம் இதைப் போன்ற ஒரு புகழுரையோடுதான் முடிகிறது. இவ்வளவு அழகான பதில். நான் அதைக் கொண்டுபோய்ச் சொன்னபோது அந்தப் பிள்ளைக்குத் தான் கேட்டதே மறந்துவிட்டது.

நான் கோலாலம்பூரில் தமிழ்ப்பள்ளி ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். பல ஆண்டுகள் பள்ளி வள மையம், அதாவது பள்ளி நூலகம், என் பொறுப்பில் இருந்தது. எங்கள் சபையின் நூல் நிலையத்தை ஏழு ஆண்டுகளாகப் பார்த்துக்கொள்கிறேன். உங்கள் சபையிலும் ஒன்று தொடங்க நினைத்தால், நான் செய்து பார்த்ததைச் சொல்கிறேன்.

இதற்கு முதல் காரணம் போதகர் மாற்றம். போதகர் மாற்றலாகிப் போகும்போது அவருடைய புத்தகங்களும் லாரியில் ஏறிவிடும். சபையில் நிலையாக இருப்பவர்கள் நாம்தான்: ஞாயிறு பள்ளி ஆசிரியர்கள், வாரம் முழுக்க வேலைக்குப் போய்விட்டுச் சனிக்கிழமை இரவு பிரசங்கத்துக்கு உட்காரும் உள்ளூர்ப் பிரசங்கிகள், வீட்டுக் கூட்டம் நடத்தும் அம்மாமார்கள். இவர்களில் ஒருவர் ஒரு கேள்வியோடு வந்தால் பத்து நிமிடத்தில் பதில் இருக்கும் பக்கத்தைத் திறந்து காட்ட வேண்டும். நூல் நிலையத்துக்கு நான் வைத்திருக்கும் அளவுகோல் அது ஒன்றுதான். எத்தனை புத்தகம் இருக்கிறது என்பதை நான் கணக்கில் எடுப்பதில்லை.

அதனால் அலமாரி வாங்குவதற்கு முன் ஒரு நோட்டு வாங்குங்கள். மூன்று மாதம் சபையில் யார் என்ன கேட்டாலும் அதில் எழுதுங்கள். எங்கள் நோட்டில் முதல் பக்கத்தில் இருந்தவற்றில் சில: ஒரு அண்ணன் மகள் கத்தோலிக்கப் பையனைக் கட்டப்போகிறாள், திருமணத்தில் தோபித்து நூலிலிருந்து வாசகமாம், அது எந்தப் புத்தகம்? அவர்கள் பைபிளில் 73 நூல், நம்முடையதில் 66, ஏன்? குழந்தை ஞானஸ்நானத்துக்கு ஆதாரம் என்ன? இந்துவான மாமியார் இறந்தால் மருமகள் எந்தச் சடங்கில் நிற்கலாம்? இந்த நோட்டுதான் உங்கள் வாங்கும் பட்டியல். இது இல்லாமல் கடைக்குப் போனால் அட்டை அழகாக இருக்கும் பக்திக் கட்டுரைத் தொகுப்புகளோடுதான் திரும்புவீர்கள்.

முதலில் வேதாகமங்கள். வேறு எதற்குமுன் குறைந்தது நான்கு மொழிபெயர்ப்புகளை ஒரே தட்டில் வையுங்கள். ஹென்றி போவர் தலைமையிலான குழு செய்து 1871இல் வந்த பழைய மொழிபெயர்ப்பு, கத்தோலிக்கரும் மற்றத் திருச்சபைகளும் சேர்ந்து உருவாக்கி 1995இல் வெளிவந்த திருவிவிலியம், ஒரு நல்ல ஆங்கில மொழிபெயர்ப்பு, ஒரு மலாய் அல்கிதாப். நம் பிள்ளைகள் பலர் தேசியப் பள்ளியில் படிப்பவர்கள், மலாயில் வாசித்தால்தான் அவர்களுக்கு ஓட்டமாக இருக்கும். மலாய்க் கிறிஸ்தவ நூல்களைச் சபைக்குள்ளேயே வைத்துப் படியுங்கள், வெளியே இரவல் தர வேண்டாம். முஸ்லிம்களிடையே பிற மதப் பிரசாரத்தை மாநிலச் சட்டங்கள் கட்டுப்படுத்த மலேசிய அரசியலமைப்பின் 11(4) பிரிவு இடம் தருகிறது. பொறுப்பில் இருப்பவருக்கு இது தெரிந்திருக்க வேண்டும்.

அடுத்தது ஒத்தவாக்கிய அகராதி, அதாவது ஒரு சொல் வேதாகமத்தில் எங்கெங்கே வருகிறது என்று காட்டும் நூல். தமிழில் கிடைப்பது பழைய மொழிபெயர்ப்பின் சொற்களை வைத்துச் செய்தது. அதில் 'கிருபை' என்று தேடினால் கிடைக்கும், 'அருள்' என்று தேடும் இளையவருக்குக் கிடைக்காது. அதனால் எங்கள் பிரதியின் முன்அட்டையின் உள்பக்கத்தில் ஒரு தாள் ஒட்டியிருக்கிறேன்: அருள் என்றால் கிருபை பார், தூய ஆவி என்றால் பரிசுத்த ஆவி பார், மீட்பு என்றால் இரட்சிப்பு பார். ஆங்கிலம் தெரிந்தவர்களுக்கு 1890இல் வெளிவந்த ஸ்ட்ராங் ஒத்தவாக்கிய அகராதி வேண்டும். அதில் ஒவ்வொரு எபிரேய, கிரேக்கச் சொல்லுக்கும் ஓர் எண் உண்டு. கிரேக்கம் படிக்காதவரும் அந்த எண்ணைப் பிடித்துக்கொண்டு மூலச் சொல்லுக்குப் போய்விடலாம்.

ஒரு வேதாகம அகராதி, ஒரு வேதாகம நிலப்பட நூல், ஒரே தொகுதியில் முழு வேதாகமத்துக்கும் விளக்கவுரை. இவ்வளவு இருந்தாலே கேள்வி நோட்டில் பாதிக்குப் பதில் கிடைத்துவிடும்.

விளக்கவுரைகளில்தான் பணம் வீணாகும். முப்பது தொகுதி வரிசையை ஒரே மூச்சில் வாங்காதீர்கள். கடந்த மூன்று ஆண்டு வாராந்திர அறிக்கைத் தாள்களை எடுத்து, எந்தப் புத்தகத்திலிருந்து எத்தனை முறை பிரசங்கம் வந்தது என்று கோடு போட்டு எண்ணுங்கள். எங்களுக்குச் சங்கீதமும் நற்செய்தி நூல்களும் ரோமரும்தான் மேலே வந்தன. அவை ஒவ்வொன்றுக்கும் ஒரு நல்ல விளக்கவுரை வாங்கினோம். நாகூமுக்கு இன்னும் வாங்கவில்லை. மத்தேயு ஹென்றி 1714இல் இறந்தவர், அவருடைய ஆங்கில விளக்கவுரைக்குக் காப்புரிமை இல்லை, இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. அதை அச்சில் வாங்கக் காசைச் செலவழிக்க வேண்டாம்.

எங்கே வாங்குவது? தமிழ் இறையியல் நூல்களுக்குச் சென்னையின் கிறிஸ்தவ இலக்கியச் சங்கத்தையும் மதுரை அரசரடியில் உள்ள தமிழ்நாடு இறையியல் கல்லூரியையும்தான் முதலில் பார்க்க வேண்டும். அஞ்சலில் வரவழைத்தால் அனுப்பும் செலவு புத்தக விலையைத் தாண்டிவிடும். எங்கள் சபையில் யார் தமிழ்நாட்டுக்குப் போய் வருகிறார்கள் என்று பார்த்து, ஒருவருக்கு மூன்று கிலோ என்று பட்டியலைப் பிரித்துக் கொடுத்துவிடுவேன். சேலைப் பெட்டியில் ஓரமாக நான்கு புத்தகம், யாருக்கும் பாரமில்லை. வேதாகமங்களுக்கு மலேசிய வேதாகமச் சங்கம் இருக்கிறது. வாங்குமுன் ஒரு புத்தகத்தைப் புரட்டிப் பார்க்க வேண்டும் என்றால், சிரம்பானில் மலேசிய இறையியல் கல்லூரி இருக்கிறது. கேஎல் சென்ட்ரலிலிருந்து கொமுட்டர் ரயிலிலேயே போய்விடலாம். முன்கூட்டியே அனுமதி கேட்டுக்கொண்டு போங்கள்.

அப்புறம், நன்கொடை. "அப்பா தவறிட்டாங்க, அவங்க புத்தகம் மூணு பெட்டி இருக்கு, சபைக்கே கொடுத்துடுறோம்" என்று குடும்பத்தார் வருவார்கள். மனம் நெகிழ்ந்துபோகும். வாங்கிக்கொள்ளுங்கள், ஆனால் முதலிலேயே மரியாதையாகச் சொல்லிவிடுங்கள்: நமக்குத் தேவையானது இங்கே இருக்கும், மற்றது தேவைப்படும் வேறு சபைக்குப் போகும். நான் ஐந்தில் ஒன்றைத்தான் வைத்துக்கொள்கிறேன். உலக முடிவுக்குத் தேதி குறிக்கும் சிறுநூல்கள், காணிக்கை கொடுத்தால் பணம் பெருகும் என்று சொல்லும் நூல்கள் அலமாரிக்கு வராது. நம் சபை ஏற்காத கருத்தை நேர்மையாக வாதிடும் நல்ல நூல் வரலாம், வர வேண்டும். எது எது என்று முடிவு செய்யப் போதகரும் இன்னும் இரண்டு பேரும் கொண்ட சிறு குழு வைத்திருக்கிறோம். ஒருவர் ருசி மட்டும் போதாது.

அந்தப் பெட்டிகளின் அடியில் வேறு ஒரு செல்வம் இருக்கும், அதைத் தவறவிடாதீர்கள். சபையின் பழைய ஆண்டு விழா மலர்கள், கையால் எழுதிய பிரசங்கக் குறிப்புகள், தோட்டத்து ஜெபக்கூட்டங்களின் புகைப்படங்கள், மலாயாவில் அச்சான பாட்டுப் புத்தகங்கள். ஒரு பெரியவரின் நோட்டில் ரப்பர்த் தோட்டத்து லயத்து வீடுகளில் நடந்த கூட்டங்களின் கணக்கு இருந்தது, யார் யார் வந்தார்கள், என்ன கீர்த்தனை பாடினார்கள் என்று. வேறு எந்த ஊர் நூலகத்திலும் அதற்கு இரண்டாவது பிரதி கிடையாது. இவற்றுக்குத் தனிப் பெட்டி, அமிலம் இல்லாத தாள் உறை. உடனே கைப்பேசியில் படம் எடுத்து இரண்டு இடத்தில் சேமித்துவிடுங்கள். படத்தில் இருப்பவர்களின் பெயரை உயிரோடு இருக்கும் மூத்தவர்களிடம் கேட்டுப் பென்சிலால் பின்பக்கம் எழுதுங்கள். அதை இந்த வாரமே செய்யுங்கள்.

இடத்தைப் பற்றி நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். எங்களுக்கு முதலில் ஒரு கண்ணாடிக் கதவு அலமாரி கிடைத்தது. ஆராதனைக் கூடத்தின் ஓரத்தில், சுவரை ஒட்டி வைத்தோம். ஆறே மாதத்தில் புத்தக முதுகெல்லாம் வெள்ளைப் பூசணம். கூடத்தில் குளிர்சாதனம் ஞாயிறன்று மூன்று மணி நேரம் ஓடும், மற்ற ஆறு நாளும் பூட்டிக் கிடக்கும். குளிர்ந்துபோன இடத்தில் நம் ஊர் ஈரக்காற்று புகுந்தால் ஈரம் தாளில் இறங்கிவிடும், மூடிய கதவு அதை வெளியே விடாது. இப்போது ஜன்னல் உள்ள ஒரு சின்ன அறையில், குளிர்சாதனம் இல்லாமல், திறந்த இரும்பு அலமாரிகளில் வைத்திருக்கிறோம். சுவரிலிருந்து நான்கு விரற்கடை தள்ளி. கீழ்த்தட்டு தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில், கரையானுக்காகவும் திடீர் வெள்ளத்துக்காகவும். இருபது வெள்ளிக்கு (ரிங்கிட்) ஒரு ஈரப்பத மானி வாங்கி மாட்டினேன். அது 65 விழுக்காட்டைத் தாண்டினால் மின்விசிறியும் ஈரம் உறிஞ்சும் இயந்திரமும் ஓடும்.

பூசணம் பிடித்த புத்தகத்தை ஈரத்துணியால் துடைக்கவே கூடாது. முகக்கவசம் போட்டுக்கொண்டு வெளியே எடுத்துப் போய், நிழலில் காற்றாட உலர்த்தி, மென்மையான தூரிகையால் தட்டுங்கள். புதிதாக வரும் நன்கொடைப் புத்தகங்களை நேரே அலமாரியில் சேர்க்காதீர்கள். பூச்சி அரித்த அடையாளம் இருந்தால் பிளாஸ்டிக் பையில் காற்றுப் போகாமல் கட்டி, உறைபெட்டியில் இரண்டு வாரம் வையுங்கள். வெளியே எடுத்ததும் பையைப் பிரிக்கக் கூடாது, குளிர் முழுக்க அடங்க ஒரு நாள் விட வேண்டும், இல்லையென்றால் தாளில் தண்ணீர் பூத்துவிடும். இது பூச்சியைக் கொல்லும், பூசணத்தைக் கொல்லாது.

வகைப்படுத்த, நூலகங்களில் பொருள்வாரியாகப் போடும் டூயி எண்களே போதும், பள்ளியில் பழகியதுதான். 220 வேதாகமம், அதற்குள் 221 முதல் 224 வரை பழைய ஏற்பாடு, 225 முதல் 228 வரை புதிய ஏற்பாடு. 230 இறையியல் கோட்பாடு, 264 ஆராதனை, 266 அருட்பணி, 270 திருச்சபை வரலாறு, 294.5 இந்து சமயம், 297 இஸ்லாம். புள்ளிக்குப் பிறகு நீள நீள எண் போடாதீர்கள், முந்நூறு புத்தகத்துக்கு அது தேவையில்லை. பதிவேடாக ஒரு விரிதாள் போதும்.

தமிழ்ப் பெயர்களில் மட்டும் கவனம் வேண்டும். ஆங்கில வழக்கப்படி கடைசிப் பெயரை முன்னால் போடும் பழக்கத்தை நம் நூலாசிரியர்களிடம் காட்டக் கூடாது. முன்னெழுத்தைத் தள்ளிவிட்டு அவருடைய சொந்தப் பெயரின் கீழ் எழுதுங்கள், முன்னெழுத்து பின்னால் வரட்டும். அதே போல, ஒரே பொருளுக்கு நம்மிடம் இரண்டு மூன்று சொல் இருக்கிறது: ஆதியாகமம், தொடக்க நூல். வேதாகமம், விவிலியம், திருமறை. கிறிஸ்து, கிறித்து. ஒன்றைத் தேர்ந்தெடுத்து அதிலேயே எல்லாவற்றையும் பதியுங்கள், மற்றச் சொற்களுக்கு 'பார்க்க' என்று ஒரு வரி போடுங்கள். இதைச் செய்யாமல் விட்டால் மூன்றே ஆண்டில் உங்கள் பதிவேட்டில் உங்களாலேயே தேட முடியாது.

அகராதி, நிலப்படம், விளக்கவுரை இவற்றின் முதுகில் சிவப்புப் பொட்டு. அவை வீட்டுக்குப் போகாது. தேவைப்பட்ட பக்கத்தைப் படித்துக் குறிப்பெடுத்துக்கொள்ளலாம். முழுப் புத்தகத்தை நகலெடுக்க விடாதீர்கள், 1987ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் இருக்கிறது. அறையைச் சனிக்கிழமை மாலை ஐந்திலிருந்து ஏழு வரை திறக்கிறோம், பிரசங்கிகளுக்காக. ஞாயிறு ஆராதனை முடிந்து தேநீரும் மீகூனும் கொடுக்கும் நேரத்திலும் திறந்திருக்கும், ஆனால் தட்டோடு உள்ளே வரக் கூடாது. ஒரு மேசை, நான்கு நாற்காலி, நல்ல வெளிச்சம். பணத்துக்கு நிர்வாகக் குழுவிடம் மாதம் நூறு வெள்ளி கேட்டு வரவு செலவுத் திட்டத்திலேயே சேர்த்துவிட்டோம். விசேஷக் காணிக்கையை நம்பியிருந்தால் இரண்டாம் ஆண்டில் நின்றுபோகும்.

பள்ளி விடுமுறையில் வாலிபர் நான்கைந்து பேரை வைத்துக்கொண்டு ஆண்டுக்கு ஒரு முறை இருப்பைச் சரிபார்க்கிறேன். ஒருவர் எண்ணைப் படிப்பார், ஒருவர் விரிதாளில் பார்ப்பார். காணாமல் போன புத்தகத்தின் இடத்தில் ஓர் அட்டை செருகி, தலைப்பைச் சபையின் புலன (வாட்ஸ்அப்) குழுவில் யார் பெயரும் போடாமல் பதிவிடுவேன். பெரும்பாலும் அடுத்த ஞாயிறே மேசையில் வந்து கிடக்கும். அன்றைக்கே கேள்வி நோட்டையும் எடுத்து, பதில் கிடைக்காமல் நிற்கும் வரிகளைப் படித்துப் பார்ப்போம். போன முறை ஏழு நின்றன. அந்த ஏழும்தான் இந்த ஆண்டு வாங்கும் பட்டியல்.