அழகன்குளத்திலிருந்து ஆப்பிரிக்கா: பாடப்புத்தகம் விட்ட வரலாற்றைப் படிக்கும் முறை

பள்ளிப் பாடத்தில் ஆப்பிரிக்கா எட்டிப்பார்ப்பது பெரும்பாலும் அடிமை வணிகத்திலும் காந்தி கதையிலும்தான். அதற்கு முந்தைய அரசுகளும் ஊர்களும் நம் பிள்ளைகளின் கண்ணில் படுவதே இல்லை. ராமநாதபுரம் கரையில் இருப்பவர்கள் கடல் வழியாக உள்ளே போவது சுலபம்.

80 பக்க நோட்டு ஒன்று போதும். முதல் தாளைப் பெயர்களுக்கு விடுங்கள். பிறகு கி.பி. முதல் நூற்றாண்டிலிருந்து நூற்றாண்டுக்கு இரண்டு எதிரெதிர்ப் பக்கம். இடப்பக்கம் நம் கரை, வலப்பக்கம் ஆப்பிரிக்கா.

முதல் பதிவுக்கு ராமநாதபுரம் ராமலிங்க விலாசம் அரண்மனை அருங்காட்சியகம் போங்கள். ராமநாதபுரம் பக்கத்துப் பழைய துறைமுக ஊரான அழகன்குளத்தின் அகழாய்வில் கிடைத்த 'ரௌலட்டட்' வகை மட்கல ஓட்டைத் தேடுங்கள். மெல்லிய, சாம்பல் கலந்த கறுப்பு ஓடு. தட்டின் உள்நடுவில் வட்டம் வட்டமாக நுண்ணிய கொத்து வரிசை இருக்கும். இதே வகை ஓடு எகிப்தின் செங்கடல் துறைமுகம் பெரெனிகேயிலும் கிடைத்தது. அங்கே இந்தியத் தாழி ஒன்றில் சுமார் 7.5 கிலோ மிளகு இருந்தது. எகிப்தின் இன்னொரு செங்கடல் துறைமுகமான குசைர் அல்-காதிமில் கணன், சாதன் என்று தமிழ் பிராமியில் பெயர் கீறிய ஓடுகள் கிடைத்தன. எகிப்தும் ஆப்பிரிக்காதான், வலப்பக்கத்தில் எழுதுங்கள். கரையில் ஓடு கண்டால் எடுக்காதீர்கள். எந்த மண்ணடுக்கில் கிடந்தது என்பது தொலைந்தால் காலத்தைக் கணிப்பது கடினம்.

4-ஆம் நூற்றாண்டில் சிலுவை பொறித்த காசு அடித்த, இன்றைய எத்தியோப்பியா பகுதியின் அக்சும் அரசர் எசானா வருவார். அக்சுமை ஆங்கிலத்தில் 'கே-எஸ்' போட்டும் 'எக்ஸ்' போட்டும் எழுதுவார்கள், இரண்டிலும் தேடுங்கள். அதற்குத்தான் முதல் தாள்.

14-ஆம் நூற்றாண்டுக்குக் கூடுதல் தாள் ஒட்டவேண்டி வரும். 1324-இல் மேற்கு ஆப்பிரிக்காவின் மாலி அரசர் மன்சா மூசா மெக்கா போனார். மொரோக்கோப் பயணி இப்னு பதூதா போன இடங்கள்: 1331-இல் கிழக்கு ஆப்பிரிக்கக் கரையின் மொகதிஷு, மொம்பாசா, கில்வா, 1340-களில் மாபார் என்று அழைக்கப்பட்ட நம் தமிழ்க் கரை, 1352–53-இல் மாலி. தனுஷ்கோடியில் இடிந்த தேவாலயத்தின் பவளக்கல் சுவரைத் தொட்டுப் பார்த்தவருக்கு, கில்வா பெரிய பள்ளிவாசலும் பவளக்கல்தான் என்றால் சட்டென்று பிடிபடும். ஆனால் பதூதா வெளியாள். மாலி அரசர் தந்த பரிசு அற்பம் என்று குறைப்பட்டார். அந்நாட்டுப் பாதுகாப்பையும் நீதியையும் புகழ்ந்தார். இரண்டையும் சேர்த்து எழுதுங்கள்.

படிக்க யுனெஸ்கோவின் எட்டுத் தொகுதி ஆப்பிரிக்க வரலாறு இணையத்தில் இலவசம். முதல் தொகுதி ஆய்வுமுறை பற்றியது, அதில் தொடங்கியவர்கள் சலித்து விட்டுவிடுவார்கள். 12 முதல் 16-ஆம் நூற்றாண்டு வரை பேசும் நான்காம் தொகுதியில் தொடங்கி, வாரம் ஒரு அத்தியாயம் படியுங்கள். தொகுதிகள் 1981-க்கும் 1993-க்கும் இடையில் வந்தவை. அகழாய்வுத் தேதிகளைப் புதிய ஆய்வுகளோடு சரிபாருங்கள்.

நம்மிடையே அதிகம் நடக்கும் தவறு, நாலு சொல் ஒத்துப்போனதும் ஆப்பிரிக்கரும் தமிழரும் ஒரே இனம் என்று சொல்லும் காணொளிகளை நம்புவது. எங்கே கிடைத்தது, யார் தோண்டினார்கள், எந்த ஆண்டு? மூன்றுக்கும் விடையில்லாததை நோட்டில் ஏற்றாதீர்கள்.

17-ஆம் நூற்றாண்டில், எத்தியோப்பியாவில் பிறந்து அடிமையாக விற்கப்பட்டு, தக்காணத்தின் அகமதுநகர் அரசை முன்னின்று நடத்தி முகலாயரைத் தடுத்து நிறுத்திய மாலிக் அம்பரை இரு பக்கத்திலும் எழுதுங்கள். 19-ஆம் நூற்றாண்டில் பலர் 1860 நவம்பரில் சென்னையிலிருந்து ஒப்பந்தக் கூலிகளோடு தென்னாப்பிரிக்காவின் டர்பன் போய்ச் சேர்ந்த ட்ரூரோ கப்பலோடு நிறுத்திவிடுகிறார்கள். டர்பன் இருந்த பிரிட்டிஷ் குடியேற்றமான நேட்டாலுக்குப் பக்கத்திலேயே ஜூலு அரசு இருந்தது. 1879 ஜனவரியில் இசண்டில்வானாவில் பிரிட்டிஷ் படையை முறியடித்தது. வலப்பக்கம் முழுவதும் அதற்கு வேண்டும்.