மாட்டுத்தாவணியில் ஒதுக்கிய காய்கறியை அடுப்படிக்குக் கொண்டுவருவது எப்படி

இரண்டு வருடத்துக்கு முன்னால் ஒரு சித்திரை மாதம். தக்காளி விலை படுத்துக் கிடந்த வாரம். மதுரை மாட்டுத்தாவணி காய்கறி மார்க்கெட்டின் பின்பக்கம் ஒரு வேன் வந்து நின்று, பெட்டி பெட்டியாகத் தக்காளியைக் கொட்டிவிட்டுப் போனது. கிட்டப் போய்ப் பார்த்தால் முக்கால்வாசி கெட்டிப் பழம். ஏற்றுக்கூலி இறக்குக்கூலிகூடத் தேறாது என்று கொட்டிவிட்டார்கள். எனக்கு வயிறு எரிந்தது. கையில் இருந்த சாக்கில் அள்ளிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். மறுநாள் சாயங்காலம் அதில் பாதியை நானே குப்பையில் போட்டேன். எங்கே தவறினேன் என்று புரிந்து, எல்லாம் கைக்குப் பழகச் சில மாதம் ஆனது. புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு அந்தச் சில மாதம் மிச்சமாகட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

இப்படி வீசிய உணவை எடுத்துப் புழங்குகிறவர்களை 'ஃப்ரீகன்' என்கிறார்கள். இலவசம் என்பதற்கான ஆங்கிலச் சொல்லையும், பால் முட்டைகூடத் தொடாதவர்களைக் குறிக்கும் 'வீகன்' என்பதையும் ஒட்டி 1990-களில் அமெரிக்காவில் புழக்கத்துக்கு வந்த பெயர். பெயர்தான் புதிது. உசிலம்பட்டிப் பக்கம் கடலை பறித்து முடித்த காட்டில் தப்புக்கடலை பொறுக்கப் போவார்கள். களைக்கொட்டும் ஓலைப்பெட்டியுமாக எங்கள் அம்மாச்சி போவதைச் சின்ன வயதில் பார்த்திருக்கிறேன். காட்டுக்காரர் தடுக்க மாட்டார். ஆனால் அவர் வாயால் "பறிச்சாச்சு" என்று சொல்லாமல் ஒருத்தரும் வரப்பைத் தாண்ட மாட்டார்கள். மார்க்கெட்டிலும் அதே ஒழுங்குதான்.

1. நேரமும் அனுமதியும்

மொத்த வியாபாரம் விடியுமுன்பே சூடு பிடித்து, ஒன்பது பத்து மணிக்கு ஓய்ந்துவிடும். அதற்கு முன்னால் போனால் லோடு இறக்குகிறவர்களுக்கு இடைஞ்சல். பதினோரு மணி ஆகிவிட்டால் வெயிலில் கிடந்து வெந்துவிடும். கடையைக் கழுவத் தொடங்கும் அந்த அரை மணி நேரம்தான் நம் நேரம்.

ஒதுக்கி வைத்தது, வீசியது இரண்டும் ஒன்றில்லை. கடை ஓரமாக ஒரு பெட்டி கிடந்தால் அது யாருக்கோ சொல்லி வைத்ததாக இருக்கலாம். "அண்ணே, இது வேணுமா, எடுத்துக்கிரட்டுமா?" என்று கேட்டுவிட்டு எடுங்கள். நான் கேட்டு யாரும் இல்லை என்றதில்லை. மூன்றாவது தடவை போனபோது ஒரு கடைக்காரரே காலிஃபிளவர் தழையைத் தனியாக எடுத்து வைத்திருந்தார். மாநகராட்சித் தொட்டிக்குள் விழுந்துவிட்டதை எடுக்காதீர்கள். அதற்குள் என்னென்ன கலந்திருக்கும் என்று சொல்ல முடியாது. தூய்மைப் பணியாளர்களுக்கும் அது கூடுதல் வேலை.

2. நமக்கு முன்னால் யார்

இது எல்லாவற்றையும்விட முக்கியம். உதிர்ந்த காயைப் பொறுக்கிக் கூறு கட்டி விற்கிற அம்மாக்கள் அங்கே இருக்கிறார்கள். கோஸ் இலையையும் முள்ளங்கித் தழையையும் மாட்டுக்கு அள்ளிப் போகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு அது அன்றாடப் பிழைப்பு. காசு கொடுத்து வாங்க வழியுள்ள என்னைப் போன்றவர்கள் அவர்கள் எடுத்து முடிக்கும்வரை ஒதுங்கி நிற்க வேண்டும். சும்மா கிடைக்கிறதே என்று முண்டியடிப்பதாக இருந்தால் தயவுசெய்து போகவே வேண்டாம்.

3. தரம் பிரிப்பது: நான் தடுக்கி விழுந்த இடம்

முதல் நாள் நான் எல்லாவற்றையும் சாக்கில் போட்டு, ஸ்கூட்டியில் கால் வைக்கும் இடத்தில் வைத்துக்கொண்டு வந்தேன். மேலிருந்த பாரத்தில் அடியில் கிடந்த நாலைந்து பழம் நசுங்கியது. அந்தச் சாறு சாக்கு முழுக்க ஊறியது. வீட்டில் போய்ப் பிரித்துக்கொள்ளலாம் என்று இரவு அப்படியே வைத்துவிட்டேன். காலையில் புளித்த வாடை, பொடி ஈ. சாயங்காலத்துக்குள் நல்ல பழத்தின் காம்புக் குழியிலும் வெள்ளைப் பூசணம். ஈரம் பட்ட இடமெல்லாம் பூசணம் தாவும். போதாததற்குப் பழுத்த பழம் எத்திலீன் என்ற வாயுவை விடும். காற்றோட்டமில்லாமல் மூடிக் கிடந்தால் பக்கத்துப் பழத்தையும் அது அவசரமாகப் பழுக்க வைக்கும்.

அடுத்த வாரமும் சாக்கோடுதான் போனேன். கூறு கட்டும் ஒரு ஆத்தா நான் அள்ளுவதைப் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டுக் கூப்பிட்டார். "தாயி, கண்ணால பாக்காத, கையால பாரு" என்று ஒரு பழத்தை எடுத்துக் காம்புப் பக்கம் கட்டைவிரலை வைத்து லேசாக அமுக்கினார். தோல் பளபளவென்று இருந்த பழம்தான். விரலடியில் சொத்தென்று உள்வாங்கி, காம்புக் குழியில் ஒரு சொட்டு நீர் எட்டிப் பார்த்தது. "இது மாட்டுக்கு." அடுத்தது. தோல் சுருங்கியிருந்தது, ஆனால் விரலை எதிர்த்து நின்றது. "இது நாளைக்கும் தாங்கும்." இன்னொன்றில் ஒரு பக்கம் மட்டும் அடிபட்ட தழும்பு. "இத இன்னைக்கே ரசம் வச்சுரு."

இன்றைக்கு, நாளைக்கு, மாட்டுக்கு. இன்று வரை என் கணக்கு அந்த மூன்று குவியல்தான். அங்கேயே, தரையிலேயே உட்கார்ந்து பிரித்துவிட வேண்டும். மாட்டுக்கானதை அங்கேயே விட்டுவிட்டு மற்ற இரண்டை மட்டும் கொண்டு வாருங்கள். கால் மணி நேரம் ஆகும். அந்தக் கால் மணி நேரம் இல்லாத நாளில் நான் மார்க்கெட் பக்கமே போவதில்லை.

கொண்டுவரச் சாக்கு கூடவே கூடாது. வயர்கூடையும் எனக்குப் பிடிக்காது. அடியில் குவிந்து நசுக்கும். நாலு பக்கமும் ஓட்டை உள்ள பிளாஸ்டிக் பெட்டிதான் சரி. இரண்டு அடுக்குக்கு மேல் வேண்டாம், நடுவில் பழைய நாளிதழ் ஒரு தாள்.

எந்தக் குவியலிலும் சேராதவை சில உண்டு. பச்சை பாய்ந்த உருளைக்கிழங்கில் சொலனின் என்ற நஞ்சு கூடியிருக்கும், வேகவைத்தாலும் போகாது. பூசணம் பிடித்த கடலையைத் தொடவே வேண்டாம். அதில் உருவாகும் அஃப்ளாடாக்சின் வறுத்தாலும் முழுதாகப் போகாது, ஈரலைக் கெடுக்கும். ரொட்டியில் ஒரு ஓரத்தில் பூசணம் தெரிந்தாலும் முழு ரொட்டியும் போனதாகத்தான் கணக்கு. வெங்காயத் தோலில் கரித்தூள் மாதிரி இருந்தால் மேல் அடுக்கை உரித்துக் கழுவிவிட்டு, உள்ளே கெட்டியாக இருப்பதைப் புழங்கலாம். கொழகொழவென்று இருந்தால் விட்டுவிடுங்கள்.

4. கழுவுவது

ஓடுகிற தண்ணீரில் கையால் தேய்த்துக் கழுவுங்கள். மஞ்சள்தூளும் உப்பும் போட்டு ஊறவைத்தால் போதும் என்று ரொம்ப நாள் நம்பியிருந்தேன். வேலை செய்வது தேய்ப்பும் ஓடும் தண்ணீரும்தான். கீரையை மட்டும் அகலச் சட்டியில் மூன்று தண்ணீர் மாற்றி அலசுங்கள், மண் அடியில் தங்கும். பிறகு பழைய வேட்டியில் பரப்பி ஈரம் போக உலர்த்துங்கள்.

5. அன்றைக்கே அடுப்பில்

தக்காளி என்றால் தொக்கு. காலிஃபிளவர் தழையைப் பொடியாக அரிந்து கடலைப்பருப்பு போட்டுப் பொரியல் செய்யலாம், முட்டைக்கோஸ் மாதிரியே இருக்கும். நிறையக் கிடைத்தால் வற்றல்தான் வழி. மதுரை வெயில் இதற்கென்றே காய்கிறது.

கத்தரிக்காயையோ சீனியவரையையோ உப்பும் கொஞ்சம் மஞ்சளும் போட்ட கொதிநீரில் அரை வேக்காடு வேகவிட்டு, வடித்து, மொட்டைமாடியில் துணி விரித்து ஒட்டாமல் பரப்புங்கள். பொழுது சாயுமுன் உள்ளே எடுத்துவிடுங்கள், பனி இறங்கினால் அன்றைய காய்ச்சல் வீண். மூன்று நாலு வெயில் ஆகும். வளைந்தால் இன்னும் ஒரு நாள். 'படக்'கென்று ஒடிந்தால் ஆயிற்று. வெயில் சூட்டோடு டப்பாவில் அடைக்காதீர்கள். உள்ளே வியர்த்துப் பூசணம் பிடிக்கும். நிழலில் ஒரு மணி நேரம் ஆறட்டும்.

காய்கறி போக, சாமான்கள்

பொங்கலுக்கு முன்னால் காப்புக் கட்ட வீட்டைச் சுத்தம் செய்கிற வாரத்தில் தெருவுக்குத் தெரு சாமான் வெளியே வரும். 2011-க்குப் பிறகு அரசு கொடுத்த விலையில்லா மிக்ஸியும் மின்விசிறியும் அதில் அடிக்கடி கிடக்கும். மிக்ஸி ஓடியும் பிளேடு சுற்றவில்லை என்றால் பெரும்பாலும் மோட்டாரையும் ஜாரையும் இணைக்கும் கப்ளர்தான் தேய்ந்திருக்கும். ஃபேன் மெதுவாகச் சுற்றினாலோ கையால் தள்ளிவிட்டால்தான் சுற்றும் என்றாலோ கண்டென்சர். இரண்டுமே எலக்ட்ரிக்கல் கடையில் சல்லிசாகக் கிடைக்கும். பழக்கமில்லாதவர்கள் மெக்கானிக்கிடம் கொடுத்து மாட்டிக்கொள்ளுங்கள். மெத்தை, தலையணை, சோபா எடுக்காதீர்கள். ஒரு மூட்டைப்பூச்சி போதும், வீடு முழுக்கப் பரவிவிடும். பழைய பெட்டி டிவியை உடைத்துப் பார்க்க வேண்டாம், குழாய்க் கண்ணாடியில் ஈயம் இருக்கிறது.

பின்சேர்க்கை: மண்டபச் சாப்பாடு

இதை எழுதிய வாரத்திலேயே மூன்று பேர் ஒரே கேள்வியைக் கேட்டார்கள். முகூர்த்த நாளில் மண்டபத்தில் மிஞ்சும் சோற்றை எடுத்துக் கொடுக்கலாமா? கொடுக்கலாம், ஆனால் காய்கறி மாதிரி இல்லை இது. வடித்த சோற்றில் பேசில்லஸ் செரியஸ் என்ற கிருமியின் வித்து, வேகவைத்த பிறகும் உயிரோடு இருக்கும். வெதுவெதுப்பாகக் கிடந்தால் பெருகி நஞ்சை விடும். பிறகு எவ்வளவு சூடு பண்ணினாலும் அந்த நஞ்சு அழியாது. 'கொதிக்க வச்சுட்டாப் போதும்' என்பது சோற்றுக்குப் பொருந்தாது. 5 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் நடுவில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் கிடந்த சோறு வேண்டாம்.

ஆகவே பந்தி முடியும்வரை காத்திருக்காமல், கடைசிப் பந்திக்கு முன்னாலேயே சமையல் மாஸ்டரிடம் பேசிவிடுங்கள். இலைக்குப் போகாத, மூடி வைத்த அண்டாவிலிருந்து மட்டும் எடுங்கள். தேங்காய்ச் சட்னியையும் தயிர்ப் பச்சடியையும் விட்டுவிடுங்கள். யாருக்குக் கொடுப்பது என்று முன்கூட்டியே முடிவு செய்யாமல் எடுக்கப் போகாதீர்கள். நான் ஒரு தடவை அப்படிப் போய், கொடுக்க இடம் தேடி அலைந்து, கடைசியில் ஒரு தூக்குச் சாம்பார் சாதத்தை மண்ணில் புதைத்தேன். தொடர்ந்து செய்ய நினைப்பவர்கள், மிஞ்சிய உணவைச் சேகரித்துப் பகிர்வதற்கென்றே இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் 2019-ல் வெளியிட்ட விதிமுறையை ஒருமுறை படித்துவிடுங்கள்.

இன்னொரு பின்சேர்க்கை

வில்லாபுரத்திலிருந்து ஒரு அக்கா எழுதியிருந்தார். வாடகை வீடு, மாடிக்குப் போக வழியில்லை, ஐப்பசி மழை வேறு, வற்றல் எப்படிப் போடுவது என்று. போடாதீர்கள் அக்கா. மழைக்காலத்தில் நானும் போடுவதில்லை. அந்த மாதங்களில் 'இன்றைக்கு' குவியல் மட்டும் எடுங்கள், இரண்டு கிலோவுக்கு மேல் வேண்டாம். தக்காளித் தொக்கைத் தண்ணீர் சுண்டி எண்ணெய் பிரிகிறவரை கிளறி, புளியும் உப்பும் தூக்கலாகப் போட்டு, ஈரமில்லாத கண்ணாடிப் பாட்டிலில் ஃபிரிட்ஜில் வைத்தால் பத்து நாள் தாங்குகிறது. எடுக்கும்போது காய்ந்த கரண்டி போடுங்கள்.